முன் பம்பர் லிப்பை வெட்டலாமா? டெல்டா சாலைகளில் எஸ்யூவி ஓட்டுபவர்களுக்கான கேள்வி பதில்கள்

கரைச் சாலையிலிருந்து வயல் பாதைக்கு இறங்கும்போதும், வாய்க்கால் மேல் போட்ட வாசல் ரேம்ப்பில் ஏறும்போதும் முன் பம்பரின் அடிப்பகுதியான லிப் உரசுவது காவிரிப் படுகையில் எஸ்யூவி வைத்திருக்கும் பலருக்கும் தீராத தொல்லை. அந்தக் கீழ்ப்பகுதியைக் கழற்றுவது, வெட்டுவது, உயர்த்தி மாட்டுவது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கிரெட்டா, செல்டோஸ், நெக்ஸான், டஸ்டர் போன்ற, உடலும் சட்டமும் ஒன்றான மோனோகாக் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடல் உட்காரும் சேஸிஸ் வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

லிப்பை வெட்டினால் கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுமா?

கூடாது. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடியில் இருப்பதிலேயே தாழ்ந்த பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தாழ்ந்த பாகம் இன்ஜின் அடிக் கவரோ, சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரோ, சைலன்சர் குழாயோதான். பம்பர் லிப்பை எடுத்தால் கூடுவது அப்ரோச் ஆங்கிள். அதாவது, முன் டயர் ஒரு மேட்டில் ஏறத் தொடங்கும் முன் பம்பர் முட்டாமல் இருக்க எவ்வளவு செங்குத்தான சரிவு வரை தாங்கும் என்கிற கோணம்.

இந்த வேறுபாடு தெரியாமல் பட்டறைக்குப் போனால் பணமும் போகும், உரசலும் நிற்காது. டிராக்டர் தடத்தில் நடு மேடு வயிற்றில் இடிக்கிறதென்றால் லிப்பை எத்தனை அங்குலம் வெட்டினாலும் பயனில்லை. பழைய வாய்க்கால் பாலத்தின் கூனலில் நடுப்பகுதி தட்டுவதும் அப்படியே. பாலத்தில் தட்டுவது பிரேக்ஓவர் ஆங்கிள், அதாவது கூனலில் வயிறு தட்டாமல் கடக்கும் கோணத்தின் பிரச்சினை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள நீளத்தையும், நடுவயிற்றின் உயரத்தையும் பொறுத்தது.

நிறுவனம் சொல்லும் கிளியரன்ஸ் எண்ணையும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். பல சமயம் அது ஆள் ஏறாத வண்டியின் அளவு. ஐந்து பேரும் பின்னால் இரண்டு மூட்டை நெல்லும் ஏறிய வண்டியின் உயரம் வேறு.

எங்கே உரசுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாக்பீஸ் போதும். வண்டியைக் கழுவிக் காயவிட்டு, லிப்பின் ஓரத்தில் வெள்ளை, அதற்குப் பின்னால் அடிக் கவரின் முன்விளிம்பில் மஞ்சள், கிராஸ்மெம்பரில் சிவப்பு என்று தேய்த்துவிடுங்கள். வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரை ஏற்றி, தொல்லை தரும் இடத்தில் நடைவேகத்தில் ஏறி இறங்குங்கள். அழிந்த நிறம் பதில் சொல்லிவிடும். வெள்ளை மட்டும் அழிந்திருந்தால் இந்த வேலை உங்களுக்குப் பொருந்தும். மஞ்சளும் அழிந்திருந்தால் லிப்பை எடுத்தபின் அடிக் கவர்தான் முதல் அடியை வாங்கும். சிவப்பு அழிந்திருந்தால் வெட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, கீழே டயர், ஸ்ப்ரிங், ரேம்ப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

லிப்பில் ஏற்கெனவே உள்ள கீறல்களும் பேசும். கீறல் முன்னிருந்து பின்னாகக் கோடுகோடாக இருந்தால் ரேம்ப்பில் ஏறும்போது உரசியது. லிப்பின் உள்பக்கம் வெள்ளையாக மடிந்து, கிளிப் ஓட்டை முட்டை வடிவில் இழுபட்டிருந்தால், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மாட்டி இழுத்தது. இரண்டாவது வகைதான் கெடுதல் அதிகம். ஏறும்போது வளைந்துகொடுக்கும் லிப், ரிவர்ஸ் எடுக்கையில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு பம்பரையே பிடுங்கிவிடும்.

இப்போதுள்ள அப்ரோச் ஆங்கிளை வீட்டிலேயே அளக்கலாமா?

அளக்கலாம். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைக் கதவுத் தூணில் உள்ள அட்டவணைப்படி சரி செய்யுங்கள். நேரான அலுமினியக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையை முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் டயரோடு ஒட்டிவைத்து, மறுமுனையை லிப்பின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தொடும் வரை தூக்குங்கள். குழாய் மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் கோணம் தெரியும்.

ஒரு கணக்கு சொன்னால் அளவு பிடிபடும். டயர் ஆரம் 34.5 செ.மீ., லிப் டயரின் தொடுபுள்ளிக்கு 65 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் இருந்தால் கோணம் ஏறத்தாழ 20 டிகிரி. அதே இடத்தில் லிப்பை 6 செ.மீ. உயர்த்தினால் 26 டிகிரி. ஆறு டிகிரி என்பது சிறியதல்ல. ஆனால் உங்கள் வண்டி மஹிந்திரா தார் ஆகிவிடாது. மூன்று கதவு மஹிந்திரா தாருக்கு 41.8 டிகிரி, ஜிம்னிக்கு 36 டிகிரி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அந்த வண்டிகளில் பம்பரே உயரத்தில், டயருக்கு நெருக்கமாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

லிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

லிப் என்பது தரைக்கும் விலை உயர்ந்த பாகங்களுக்கும் நடுவில் நிற்கும் மலிவான பிளாஸ்டிக். அது உரசும் சத்தம் கேட்டுத்தான் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கிறார். அதை எடுத்துவிட்டால் அடுத்து முட்டப்போவது ரேடியேட்டரைத் தாங்கும் கீழ்ச் சட்டம், ஏசி கண்டென்சரின் அடிமூலை, டர்போ வண்டியாக இருந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கத் தாழ்வாக வைத்த இன்டர்கூலர், அதன் ரப்பர் குழாய். கண்டென்சரின் அலுமினியக் குழாயில் சின்னத் துளை விழுந்தாலே ஏசி கேஸ் முழுவதும் போய்விடும்.

அதனால் வண்டியை ரேம்ப்பிலோ ஸ்டாண்டிலோ ஏற்றி, அடிக் கவரைக் கழற்றி, தரையிலிருந்து இரண்டு அளவு எடுங்கள்: லிப்பின் கீழ் ஓரம் வரை ஒன்று, உலோகப் பாகங்களில் மிகத் தாழ்ந்தது வரை ஒன்று. வெட்டிய பிறகும் லிப்பின் ஓரம் அந்த உலோகத்தைவிடக் குறைந்தது 25 மி.மீ. கீழே இருக்க வேண்டும். லிப் 22 செ.மீ., ரேடியேட்டர் சட்டம் 29 செ.மீ. உயரம் என்றால் வெட்டக்கூடிய உச்சம் 45 மி.மீ. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம்.

எல்லா வண்டியிலும் வெட்டித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. நான்கு விதமான அமைப்பு உண்டு. சில வண்டிகளில் பம்பருக்கு அடியில் ரப்பர் பட்டை தனியாக ஸ்க்ரூவிலும் கிளிப்பிலும் தொங்கும். கழற்றினால் முடிந்தது, வேண்டும்போது திரும்ப மாட்டலாம். சிலவற்றில் கறுப்பு பிளாஸ்டிக் கீழ்த்துண்டு தனிப் பாகமாக வரும். இதற்கு நாங்கள் சொல்லும் வழி, உதிரிபாகக் கடையில் அதே பாகத்தை இன்னொன்று வாங்கி அதை வெட்டுவது. பழையது கிடைத்தாலும் போதும், சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். ஒரிஜினல் வீட்டில் பத்திரமாக இருக்கும், விற்கும் நாளில் மாட்டிக் கொடுக்கலாம். மூன்றாவது, வெள்ளி நிறத்தில் ஸ்கிட் பிளேட் மாதிரி தெரியும் அலங்காரத் தகடு. பார்க்கத்தான் இரும்பு, உண்மையில் கொக்கியில் மாட்டிய ஏபிஎஸ் பிளாஸ்டிக். பல வண்டிகளில் இதை மட்டும் எடுத்தாலே 15, 20 மி.மீ. கிடைக்கிறது. நான்காவது, மேலிருந்து கீழ்வரை ஒரே வார்ப்பான பம்பர். இதில் மட்டும்தான் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். பம்பரின் உள்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பொருளின் பெயர் அச்சாகியிருக்கும். பிபி, ஈபிடிஎம் என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீனும் ரப்பரும் கலந்தது. கூடவே டி அல்லது டிடி என்ற எழுத்தும் 20 என்ற எண்ணும் இருந்தால், 20 சதவீதம் டால்க் பொடி சேர்த்தது என்று பொருள். இந்த வகையில் எம்-சீல், ஃபெவிக்விக், சாதாரண எபாக்சி எதுவும் நிலைத்து ஒட்டாது. அன்றைக்கு ஒட்டிய மாதிரி இருக்கும், ஒரு மாத அதிர்வில் உரிந்து விழும். ரிவெட், போல்ட், சூட்டு ஸ்டேப்ளர், அதே பிபி குச்சி வைத்த பிளாஸ்டிக் வெல்டிங், இவைதான் பிடிக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் எபாக்சி பிடிக்கும், ஆனால் மடங்காமல் உடையும். வெட்டும்போது அழுத்தக் கூடாது.

ஹீட் கன் வைத்து வளைத்து உயர்த்த முடியாதா?

வேண்டாம். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். வளையும் சூட்டுக்கும் உருகும் சூட்டுக்கும் இடையே இடைவெளி குறைவு. சொரசொரப்பான மேற்பரப்பு பளபளவென்று ஆகி அசிங்கமாகத் தெரியும். வெயிலில் நின்று நின்று பாதி பழைய வடிவத்துக்கே திரும்பவும் செய்யும்.

என்னென்ன சாமான் தேவை?

10 மி.மீ. சாக்கெட், டி20 டார்க்ஸ் பிட், நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், கிளிப் எடுக்கும் பிளாஸ்டிக் நெம்பு. அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹேக்சா பிளேடு மூன்று. 80, 180, 320 நம்பர் உப்புத்தாள் தலா இரண்டு. மாஸ்கிங் டேப் ஒரு சுருள். 4.8 மி.மீ. அகலத் தலை அலுமினிய ரிவெட் 25. 3 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலத்தில் எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பட்டை, பம்பர் அகலத்துக்கு. எம்6 (6 மி.மீ.) எஸ்எஸ் 304 துருப்பிடிக்காத எஃகு போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட் தலா எட்டு, 25 மி.மீ. வெளிவிட்டம் உள்ள வாஷர் பதினாறு. வெட்டிய ஓரத்தை மூட யு வடிவ ரப்பர் பீடிங் இரண்டு மீட்டர்.

பம்பர் கிளிப் மட்டும் கூடுதலாகப் பதினைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வருடம் ஓடிய வண்டியில் பாதி கிளிப் கழற்றும்போதே உடையும். ஓட்டையை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். 7 மி.மீ. ஓட்டையில் 8 மி.மீ. கிளிப்பை அடித்து ஏற்றினால் பம்பர் காதில் விரிசல் விழும்.

பம்பரைக் கழற்றும் முறை?

வண்டி சமதளத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கட்டும். ஜாக்கியில் மட்டும் தூக்கிவிட்டுக் கீழே போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வேண்டும். நம் வண்டல் மண் ஈரத்தில் அமுங்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டிக் கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். முன்பக்க ஏர்பேக் சென்சார்கள் ரேடியேட்டர் சட்டத்தை ஒட்டியே இருக்கும். பிறகு பானெட்டைத் திறந்து மேல்வரிசை போல்ட், கிளிப். ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, சக்கர வளைவின் உள்ளே ஃபெண்டர் லைனரைப் பம்பரோடு இணைக்கும் ஸ்க்ரூ, மறுபக்கமும் அப்படியே. கீழே அடிக் கவரின் முன்வரிசை. கடைசியாகப் பக்கவாட்டுக் கொக்கி. அதைச் சக்கர வளைவிலிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், கீழ்நோக்கி இழுத்தால் கொக்கி முறியும். இருவர் இருபுறமும் பிடித்து ஒரு சாண் முன்னால் எடுத்தவுடன் நிறுத்துங்கள். ஃபாக் லைட், பார்க்கிங் சென்சார் ஒயர்கள் பின்னால் மாட்டியிருக்கும். அவற்றைப் பிரித்த பிறகே பம்பரைப் போர்வை மேல் கிடத்துங்கள்.

வெட்டுவது எப்படி?

மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள். நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் அளந்து போட்டால்தான் சமமாக வரும். எந்த ஸ்க்ரூ ஓட்டைக்கும் கீழே 15 மி.மீ. பிளாஸ்டிக் மிச்சமிருக்கட்டும். கீழ் கிரில்லின் அடிக்கம்பியைத் தொடாதீர்கள். அது போனால் கிரில் முழுவதும் ஆடும். கோடு திரும்பும் மூலைகளில் கூர்மையாக வெட்டாமல் 12 மி.மீ. ஆரத்தில் வளைவாக எடுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் பிறக்கும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டால் மேலே ஓடாது.

மொத்தத்தையும் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. முதலில் 20 மி.மீ., பம்பரைத் தற்காலிகமாக மாட்டி ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் அடுத்தது.

ஆங்கிள் கிரைண்டரை எல்லாப் பட்டறையிலும் எடுப்பார்கள். வேகம் குறைக்க முடியாத கிரைண்டர் பிளாஸ்டிக்கை அறுக்காது, உருக்கும். வெட்டுப் பாதையின் இருபுறமும் உருகிய பிளாஸ்டிக் மெழுகு மாதிரி உருண்டு ஒட்டி நிற்கும். அதைச் சீவி எடுக்கும்போது ஓரம் அலையலையாகிவிடும். ஹேக்சா பிளேடும் பொறுமையும் போதும். அவசரமென்றால் குறைந்த வேகத்தில் ஜிக்சா. கண்ணாடியும் மாஸ்க்கும் அவசியம், டால்க் கலந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிறகு 80, 180, 320 என்று தேய்த்து ஓரத்தை உருட்டிவிடுங்கள். சாலையில் நடப்பவர் காலில் முதலில் படப்போவது அந்த விளிம்புதான்.

வெட்டிய பிறகு பம்பர் படபடவென்று அடிக்கிறது. ஏன்?

லிப்பின் அடியில் உள்பக்கமாக மடிந்த ஒரு விளிம்பு இருந்திருக்கும். பம்பருக்கு விறைப்பு தந்தது அந்த மடிப்புதான்; வெட்டும்போது அதுவும் போய்விட்டது. 80 கி.மீ. வேகத்தில், குறிப்பாக விக்கிரவாண்டி தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் எதிரே பேருந்து கடக்கும்போது, நடுப்பகுதி உள்ளே அமுங்கி வெளியே வரும்.

எச்டிபிஇ பட்டையைப் புதிய ஓரத்தின் உள்பக்கத்தில் வைத்து 10 செ.மீ.க்கு ஒரு ரிவெட் அடித்தால் சரியாகிவிடும். வெட்டி எடுத்த துண்டிலிருந்து அந்த மடிப்பை மட்டும் அறுத்து உள்ளே ரிவெட் செய்தால் இன்னும் நல்லது. வளைவு அச்சாகப் பொருந்தும். இரும்பு ஆங்கிள் வைக்கச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். நடப்பவர் கால் மோதினால் வளைந்துகொடுக்க வேண்டிய இடம் அது. அங்கே இரும்பை வைப்பது நம் ஊர்த் தெருவில் நடக்கிற ஒருவருடைய முழங்காலோடு விளையாடுவது.

அடிக் கவர் கழன்று தொங்குகிறது, என்ன செய்வது?

இந்த வேலையில் அடிக்கடி கெடுவது இதுதான். அடிக் கவரின் முன்விளிம்பு லிப்பில்தான் கிளிப் போட்டு நின்றிருக்கும். லிப்பை வெட்டியவுடன் அந்த விளிம்புக்குப் பிடிமானம் இல்லை. காற்றையும் தண்ணீரையும் அள்ளும் முறம் மாதிரி முன்னோக்கித் திறந்து நிற்கும். ஒரு மழைத் தண்ணீரில் போனால் போதும், மொத்தமாகக் கிழிந்து பின்னால் மடியும்.

கவரின் முன் ஓரத்தைப் புதிய லிப் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, அது லிப்பைவிட மேலே, பின்னால் இருக்குமாறு அமைத்து, எச்டிபிஇ பட்டையோடு எம்6 போல்ட்டில் பிணையுங்கள். இரண்டு பக்கமும் பெரிய வாஷர். கவரில் போடும் ஓட்டையை முன்பின்னாக 10 மி.மீ. நீளமுள்ள ஓவலாகப் போட்டால் அதிர்விலும் சூட்டிலும் அசைய இடம் கிடைக்கும். ஆயில் மாற்றும் மெக்கானிக்கிடம் இந்தப் போல்ட்டுகளைக் காட்டி வையுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பிடுங்கி உடைப்பார்.

தொல்லையே வேண்டாமென்று அடிக் கவரை எடுத்துவிடலாமா?

கூடவே கூடாது, அதுவும் டெல்டாவில். குறுவை அறுவடையிலும், தை மாசி சம்பா அறுவடையிலும் வைக்கோலைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். கவர் இல்லாத வண்டி அதன் மேல் போகும்போது வைக்கோல் டிரைவ் ஷாஃப்ட்டில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு சைலன்சர் பக்கம் சேரும். பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். உலர்ந்த வைக்கோல் தீப்பிடிக்க அதில் பாதியே போதும். கவர் இருந்தாலும் வைக்கோல் மேல் ஓட்டியபின் வண்டியை நிறுத்திக் கீழே குனிந்து பாருங்கள். சிக்கியிருப்பதை உடனே எடுங்கள். முடிந்தால் வைக்கோல் மேல் போகாமல் சுற்றிப் போவதே நல்லது.

ஏசி குளிர்ச்சி குறைந்துவிட்டது. லிப்தான் காரணமா?

இருக்கலாம். லிப் காற்றைத் தடுத்து அதன் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது. அந்த இழுப்புதான் ரேடியேட்டர் வழியாகக் காற்றை ஓட வைக்கும். வேகமாகப் போகும்போது மட்டும் இன்ஜின் சூடு கூடினால் வெட்டு அதிகமாகிவிட்டது என்று கொள்ளலாம். நிற்கும்போது ஏசி குறைந்தால் காரணம் வேறு. ரேடியேட்டரின் இருபுறமும் பம்பரோடு அணைந்து நிற்கும் பிளாஸ்டிக் அல்லது ஃபோம் தடுப்புகளைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் ஃபேன் இழுத்த சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும்.

நெல் தூசியும் பதரும் கண்டென்சரை அடைப்பதும் இங்கே சகஜம். வாட்டர் சர்வீசில் பிரஷர் கன்னை நேரே காட்டினால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் குழாயில் மெதுவாக, முடிந்தால் உள்பக்கமிருந்து வெளியே தள்ளிக் கழுவுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் சாலையில் போக இது உதவுமா?

உதவாது. தண்ணீரில் போகும் ஆழத்தைத் தீர்மானிப்பது இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயின் உயரம்; அதற்கும் லிப்புக்கும் சம்பந்தமில்லை. லிப் உயர்ந்தால் தண்ணீர் நேராக அடிக் கவரிலும் பெல்ட்டிலும் அடிக்கும், அவ்வளவுதான். நிற்கும் தண்ணீரில் மெதுவாகப் போங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் எந்த எஸ்யூவியானாலும் திரும்பிவிடுங்கள்; அரை மீட்டர் சொச்சம் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் பெரிய வண்டியையும் தள்ளிக்கொண்டு போகும்.

சென்சார், ரேடார் உள்ள வண்டி?

அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் எச்சரிக்கை, பிரேக் வசதிகள்) உள்ள வண்டிகளில் ரேடார் பெரும்பாலும் கீழ் கிரில் பக்கம் இருக்கும். பம்பரைக் கழற்றி மாட்டினாலே சில வண்டிகளில் அளவுத்திருத்தம் செய்ய வேண்டிவரும். ரேடாருக்கு முன்னால் உள்ள பிளாஸ்டிக்கில் வெட்டோ பெயின்ட்டோ வேண்டாம். கிரில்லுக்குள் தானாகத் திறந்து மூடும் தடுப்பு உள்ள வண்டியில், அதன் சட்டம் லிப்போடு இணைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். லிப்பின் உயரம் பதிவுச் சான்றில் இல்லை என்றாலும், அதை உரிமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு (புல் பார்) மாட்டுவது தெளிவாகவே தவறு. அதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.

வெட்டுமுன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலும் வாங்குங்கள். வாரண்டியில் உள்ள வண்டியென்றால் கழற்றி மாட்டும் மாற்றத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வெட்டாமல் உயரம் கூட்ட வேறு வழி?

முதலில் ஸ்ப்ரிங்கைப் பாருங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் முன் ஸ்ப்ரிங் தளர்ந்து உட்கார்ந்திருக்கலாம். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, அதே மாடல் புதிய வண்டியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். புது ஸ்ப்ரிங் போட்டாலே பழைய உயரம் திரும்பும்.

டயர் மாற்றம் சின்ன உதவிதான். 215/60 ஆர்17க்குப் பதில் 215/65 ஆர்17 போட்டால் விட்டம் 21.5 மி.மீ. கூடும், கிளியரன்ஸ் கூடுவது அதில் பாதி, 11 மி.மீ. கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது லைனரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். காயில் நடுவே செருகும் ரப்பர் பஃபர்களை நாங்கள் சொல்லமாட்டோம். ஸ்ப்ரிங்கின் சில சுற்றுகள் வேலை செய்யாமல் மற்றவை சோர்ந்து முறியும்.

பல வீடுகளில் மாற்ற வேண்டியது வண்டியை அல்ல, வாசலை. தெருவிலிருந்து 45 செ.மீ. உயர்ந்த போர்டிகோவுக்கு 120 செ.மீ. நீளத்தில் ரேம்ப் போட்டிருந்தால் சரிவு 20 டிகிரிக்கு மேல். மேலே சொன்ன வண்டி அதில் உரசத்தான் செய்யும். அதையே உள்பக்கமாக நீட்டி 240 செ.மீ. ஆக்கினால் 11 டிகிரிக்குள் வந்துவிடும். எந்த எஸ்யூவியும் சத்தமில்லாமல் ஏறும். கொத்தனாரின் ஒருநாள் வேலை, ஒருவேளை இரண்டு நாள்.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்குத் தனிக் கவனம் உண்டா?

வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் உப்புக்காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரமே துருவேறும். எஸ்எஸ் 304 போல்ட் போடுங்கள். அது அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும்; நடுவில் நைலான் வாஷர் வேண்டும். ரிவெட்டின் உள்ளே இருக்கும் ஆணியும் அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். இரும்பு ஆணி உள்ள ரிவெட் முதல் மழைக்கே பம்பரில் செம்பழுப்புக் கோடு விடும்.

வேலை முடிந்தபின் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதல் 200 கிலோமீட்டரில் எல்லா எம்6 போல்ட்டையும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். நடவுக்காலத்தில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் சாலையில் விட்டுப்போகும் களிமண் கட்டி, வெயிலில் காய்ந்தால் செங்கல் மாதிரி. அதன் மேல் ஏறாமல் ஒதுங்குங்கள். லிப் இல்லாத வண்டியில் அது நேராக அடிக் கவருக்குப் போகும். சேறு கவருக்குள் சேர்ந்து காய்ந்தால் அதன் கனமே கிளிப்பைப் பிய்க்கும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் அடித்து இறக்கிவிடுங்கள்.

கழற்றிய ஒரிஜினல் லிப்பை எப்படி வைப்பது?

சுவரில் சாய்த்து வைத்தால் ஆறு மாதத்தில் வளைந்துவிடும், பிறகு ஓட்டைகள் பொருந்தாது. இரண்டு மூன்று இடத்தில் துணிக்கயிறு கட்டிப் படுக்கைவசமாகத் தொங்கவிடுங்கள், அல்லது அட்டை மேல் தட்டையாகக் கிடத்துங்கள். வெயில் படக் கூடாது, எலி வரும் நெல் அறையும் வேண்டாம். கழற்றிய ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வண்டி மாடலையும் வருடத்தையும் எழுதி லிப்போடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.